கம்பஸ் டூ-டூ லிஸ்ட்: எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது

பேராதனையிலும் பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலும் முதல் வருடம் தொடங்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு டூ-டூ ஆப்பைப் போனில் போட்டுக்கொள்கிறார்கள். மிட் பரீட்சை வரும்போது கேட்டால் ‘அதெல்லாம் எனக்குச் சரிவராது’ என்பார்கள். என்ன சரிவரவில்லை என்று கொஞ்சம் கிண்டிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ஒருவருக்கு அலார்ம் அடிப்பதில்லை. இன்னொருவருக்குப் பட்டியலைத் திறக்கவே பயம். மூன்றாமவர் டிக் போட்ட வேலை, அசைன்மென்ட் ஏற்றும் பல்கலைக்கழக இணையத்தளமான எல்எம்எஸ்ஸுக்குப் போய்ச் சேரவே இல்லை. மூன்றும் வெவ்வேறு கோளாறுகள், ஆப்பை மாற்றினால் மூன்றில் ஒன்றும் தீராது.

அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்தை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதல் இரண்டையும் எல்லோரும் பார்த்துவிடுங்கள், மற்றக் கோளாறுகளில் பல அங்கிருந்துதான் கிளம்புகின்றன. மெனுப் பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும்.

“திறந்தால் முழுக்கச் சிவப்பு”

ஆப்பின் திகதிப் பெட்டியில் விரிவுரையாளர் சொன்ன கடைசித் திகதியைப் போட்டிருப்பீர்கள். பெரும்பாலும் இதுதான் காரணம். கண்டியிலிருந்து ஹட்டனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் அதில்தான் போவேன் என்று யாரும் காலையிலேயே முடிவு செய்வதில்லை. அசைன்மென்ட் என்று வந்தால் மட்டும் அப்படிச் செய்கிறோம். 20ஆம் திகதி முடிவு என்றால் ஆப்பிலும் 20 என்றே போடுகிறோம். 19 வரைக்கும் அந்த வேலை கண்ணில் படாது. 20 அன்று அதோடு இன்னும் மூன்று வந்து நிற்கும். 21 காலையில் எல்லாம் சிவப்பு.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு திகதி உண்டு: நீங்கள் உட்கார்ந்து செய்யும் நாள், வாங்குவதை அவர்கள் நிறுத்தும் நாள். திகதிப் பெட்டிக்குள் போக வேண்டியது முதலாவது. இரண்டாவதை வேலையின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: ‘மார்ச் 20 - சமூகவியல் அசைன்மென்ட், முன்னுரை எழுது’. கூகுள் டாஸ்க்ஸுக்கு இது போதும். மைக்ரோசொஃப்ட் டூ டூவில் முடிவுத் திகதிக்கும் நினைவூட்டலுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. முடிவை ஒன்றிலும், உட்காரும் நேரத்தை மற்றதிலும் போடலாம்.

சரி, ஏற்கெனவே சிவந்து கிடப்பதை என்ன செய்வது? எல்லாவற்றையும் தெரிவுசெய்து ‘இன்றைக்கு’ என்று தள்ளிவிடாதீர்கள், நாளைக்கும் அதே சிவப்புதான் வரும். ஒவ்வொன்றாகப் பாருங்கள். இனி வாங்கவே மாட்டார்கள் என்றால் அழித்துவிடுங்கள், அது பட்டியலில் கிடந்து குற்றவுணர்வைத் தருவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது. பிந்தினாலும் வாங்குவார்கள் என்றால் அது இன்றைய வேலை. மற்றவற்றுக்கு அடுத்த பத்து நாட்களில் ஆளுக்கொரு நாள் கொடுங்கள்.

ஒரு நாளில் எத்தனை வேலை அடங்கும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்எல்கியூஎஃப் எனப்படும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, வாசிப்பு, அசைன்மென்ட், பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலப் படிப்பு. 3 கிரெடிட் பாடம் என்றால் 150 மணி. 15 வார செமஸ்டரில் அது வாரத்துக்கு 10 மணி. அப்படி ஐந்து பாடம் எடுத்தால் வாரத்துக்கு 50 மணி. அதில் விரிவுரைக்கு 15 போனால் மிச்சம் 35, அதாவது ஞாயிறையும் சேர்த்து நாளுக்கு ஐந்து மணி. ஐந்து மணிக்குள் மூன்று நான்கு வேலைதான் உருப்படியாக நடக்கும். பன்னிரண்டு எழுதிவைத்தால் எட்டு சிவக்கத்தான் செய்யும்.

“ஒரு வரி மட்டும் வாரக்கணக்கில் அசையவே இல்லை”

அந்த வரியை வாசித்துப் பாருங்கள். ‘புவியியல் அறிக்கை’ என்று இருக்கும். அது பாடத்தின் பெயர், செய்யக்கூடிய வேலை இல்லை. களைத்துப்போய் இரவு ஒன்பது மணிக்குப் பட்டியலைத் திறப்பவருக்கு அதில் எங்கே கை வைப்பது என்று தெரியாது. அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

தேயிலைத் தோட்டத்துக் குடிநீர் பற்றி ஒரு களஆய்வு அறிக்கை கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடைத்தால் இப்படி வரும்: டிபார்ட்மென்ட்டில் அனுமதிக் கடிதம் கேள். கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் கொடு. கேள்விக்கொத்தைத் தமிழில் டைப் செய். அம்மாவை வைத்து ஒருமுறை கேட்டுப் பார், எந்தக் கேள்வி புரியவில்லை என்று குறி. பத்து வீட்டுக்குப் போ. விடைகளை எக்செல்லில் ஏற்று. வரைபடம் போடு. பிறகுதான் எழுதுவது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, பத்து வீட்டுக்குப் போவதை நினைத்த நேரத்தில் செய்ய முடியாது. பகலில் ஆட்கள் மலையில் நிற்பார்கள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடித்து, சமையலைத் தொடங்கும் முன் கிடைக்கும் சின்ன இடைவெளியில்தான் பேச முடியும். ஆகவே அந்த வரியில் ‘மாலை, வீட்டுக்குப் போகும் வாரம்’ என்று சேர்த்தே எழுத வேண்டும். கம்பஸ் விடுதியில் இருக்கும் செவ்வாய்க்கிழமை அது முன்னால் வந்து நின்று ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது, கடிதம் கொடுத்த பிறகு வேலை உங்கள் கையில் இல்லை, அலுவலகத்தின் கையில் இருக்கிறது. இப்படிப்பட்டவற்றுக்கு ‘காத்திருப்பு’ என்று தனியாக ஒரு பட்டியல் வையுங்கள். யாரிடம் நிற்கிறது, எந்த நாளில் போய்க் கேட்க வேண்டும் என்று இரண்டே குறிப்பு. சுப்பர்வைசர் திருத்தித் தருவதாகச் சொன்ன அத்தியாயம், நூலகத்தில் இன்னொருவர் எடுத்துப்போன புத்தகம், மெடிக்கல் கொடுத்துவிட்டு எதிர்பார்க்கும் பதில் எல்லாம் இங்கே போகும். இதைப் பிரித்தாலே பிரதான பட்டியல் பாதி இறங்கிவிடும்.

எல்லாவற்றையும் இந்த அளவுக்கு உடைக்க வேண்டுமா? வேண்டாம். ஒரே இருப்பில் முடியக்கூடிய டியூட்டை (பயிற்சித் தாளை) பத்தாக உடைப்பது நேரம் வீண்.

“நினைவூட்டல் அடிக்கவே இல்லை”

இது அநேகமாக அண்ட்ரொய்ட் போன்களின் கதை. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் நோட்டிஃபிகேஷன் அனுமதி. அண்ட்ரொய்ட் 13 முதல், புதிதாகப் போட்ட ஆப் உங்களிடம் கேட்டு அனுமதி வாங்கினால்தான் நோட்டிஃபிகேஷன் காட்டும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று அமுக்கியிருப்பீர்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அந்த ஆப்பின் நோட்டிஃபிகேஷனைத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது ‘அலார்ம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்’ என்ற தனி அனுமதி. அண்ட்ரொய்ட் 12இல் வந்தது. இது இல்லாவிட்டால் சில ஆப்களின் நினைவூட்டல் குறித்த நிமிடத்தில் வராது, போனுக்கு வசதியான நேரத்தில் வரும்.

மூன்றாவது பேட்டரி. இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப்பின் பேட்டரிப் பக்கத்தில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சாம்சங் என்றால் ‘பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்’ உள்ளே ‘டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், உங்கள் ஆப் அதற்குள் போய்த் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஷாவ்மி, ரெட்மி என்றால் ‘ஓட்டோஸ்டார்ட்’டைப் போடவேண்டும்.

மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும் ஊர்களில் சார்ஜை மிச்சம்பிடிக்க அல்ட்ரா பவர் சேவிங் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அது போட்டிருக்கும்வரை மேலே சொன்ன எதையும் மாற்றிப் பிரயோசனமில்லை. முதலில் அதை எடுங்கள்.

நாளை காலை விரிவுரையிலேயே பரீட்சை என்கிற அளவுக்கு முக்கியமானதை டூ-டூ ஆப்பை மட்டும் நம்பி விடாதீர்கள். போனின் சொந்தக் கடிகாரத்தில் ஓர் அலார்ம் வையுங்கள்.

“போனில் ஒன்று, லேப்டொப்பில் இன்னொன்று”

முதல் சந்தேகம்: இரண்டு கணக்கு. பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சலில் லேப்டொப்பும், சொந்த ஜிமெயிலில் போனும் நிற்கும். இரண்டிலும் மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு எந்த முகவரி என்று பாருங்கள். ஒன்றைத் தெரிவுசெய்து மற்றதில் உள்ளவற்றை அங்கே நகர்த்துங்கள். என்னைக் கேட்டால் சொந்தக் கணக்குதான் நல்லது. பட்டம் முடிந்த பிறகு பல்கலைக்கழகக் கணக்கு எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

கணக்கு ஒன்றுதான், ஆனாலும் ஒத்துப்போகவில்லை என்றால் டேட்டாவைப் பாருங்கள். ‘வாட்ஸ்அப் வேலை செய்கிறதே, அப்படியென்றால் நெட் இருக்கிறதுதானே’ என்பார்கள். ரீலோட் பண்ணியது சோஷல் மீடியா பேக் என்றால் வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் மட்டும் ஓடும். டூ-டூ ஆப் வெளியே நிற்கும். சாதாரண டேட்டாவோ விடுதி வைஃபையோ கிடைத்ததும் ஆப்பைத் திறந்து, பட்டியலைக் கீழே இழுத்து ஒருமுறை புதுப்பியுங்கள்.

சிக்னலே இல்லாத இடம் பெரிய பிரச்சினை இல்லை. கினிகத்தேனைக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையில் பஸ்ஸில் எழுதியது போனிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் மேலே போகும். கூகுள் டாஸ்க்ஸ், மைக்ரோசொஃப்ட் டூ டூ, டூடூயிஸ்ட் மூன்றின் போன் ஆப்களும் இப்படித்தான். பிரவுசரில் திறந்த பக்கத்தை மட்டும் இதற்கு நம்பாதீர்கள்.

“டிக் போட்டாயிற்று, ஆனால் சமர்ப்பிக்கவில்லை என்கிறார்கள்”

உங்கள் எல்எம்எஸ் மூடில் (Moodle) என்ற மென்பொருளில் ஓடுகிறது என்றால் ஃபைலை ஏற்றுவதும் சமர்ப்பிப்பதும் சில பாடங்களில் இரண்டு தனி வேலை. ஏற்றி ‘சேவ்’ கொடுத்ததும் ‘டிராஃப்ட்’ என்று நிற்கும். அதன் பிறகு ‘சப்மிட் அசைன்மென்ட்’ என்று இன்னொரு பட்டன் இருக்கும். அதை அமுக்காமல் லேப்டொப்பை மூடியவர்கள் எல்லா பட்ச்சிலும் உண்டு. பட்டியலில் கடைசி வரியை ‘அனுப்பு’ என்று எழுதாமல் ‘சப்மிட்டட் என்று காட்டுவதை ஸ்கிரீன்ஷொட் எடு’ என்று எழுதுங்கள். ஸ்கிரீன்ஷொட் கையில் வந்தால்தான் டிக்.

நேரத்தையும் நின்று நிதானித்து வாசியுங்கள். ‘வெள்ளி 12:00 ஏஎம்’ என்று இருந்தால் அது வியாழன் இரவோடு முடிகிறது. வெள்ளி முழுக்க நேரம் இருப்பதாக நினைத்து வியாழன் இரவு படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். அதோடு மூடிலில் ‘டியூ டேட்’ வேறு, ‘கட்-ஓஃப் டேட்’ வேறு. டியூ டேட்டுக்குப் பிறகு ஏற்றினால் பிந்தியது என்ற குறிப்போடு ஏற்கும், கட்-ஓஃப்புக்குப் பிறகு ஏற்காது. பிந்தியதற்குப் புள்ளி குறைப்பார்களா என்பது விரிவுரையாளரைப் பொறுத்தது.

“திகதி மாறினது எனக்கு மட்டும் தெரியாது”

பட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் வந்திருக்கும். அதற்கு மேல் நூறு குட்மோர்னிங்கும் ஒரு கிரிக்கெட் சண்டையும் ஏறியிருக்கும்.

இதற்கு இரண்டு பக்க வேலை. எல்எம்எஸ்ஸில் போட்ட திகதிகளை நீங்கள் டைப் செய்ய வேண்டியதே இல்லை. மூடிலின் காலண்டர் பக்கத்தில் ‘எக்ஸ்போர்ட் காலண்டர்’ என்று இருக்கும். அடுத்த 60 நாட்களைத் தெரிவுசெய்து ‘கெட் காலண்டர் யூஆர்எல்’ கொடுத்தால் ஒரு நீளமான முகவரி வரும். அதைக் கூகுள் காலண்டரில் ‘ஃப்ரம் யூஆர்எல்’ என்ற இடத்தில் ஒட்டுங்கள். போன் ஆப்பில் இந்த வசதி இல்லை, பிரவுசரில்தான் செய்ய வேண்டும். ஒருமுறை செய்தால் போனிலும் தெரியும். விரிவுரையாளர் எல்எம்எஸ்ஸில் திகதியை மாற்றினால் இங்கேயும் மாறும், ஆனால் உடனே மாறாது, பல மணித்தியாலம் எடுக்கலாம். அந்த முகவரியைக் குரூப்பில் போடாதீர்கள். அதற்குள் உங்கள் கணக்குக்கான சாவி இருக்கிறது, வைத்திருப்பவர் உங்கள் காலண்டரைப் பார்க்கலாம்.

மற்றப் பக்கம், விரிவுரையில் வாயால் சொல்வதும் குரூப்பில் வருவதும். இவை எந்தக் காலண்டரிலும் தானாக ஏறாது. குரூப்பில் திகதி ஒன்றைக் கண்டதும் அந்த மெசேஜை நட்சத்திரமிடுங்கள், இரவில் நட்சத்திரமிட்டவற்றை மட்டும் திறந்து பட்டியலுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். ‘சேர் தள்ளிப்போட்டுட்டாராம்’ என்ற மெசேஜை மட்டும் எல்எம்எஸ்ஸிலோ பட்ச் ரெப்பிடமோ பார்க்காமல் நம்ப வேண்டாம். அந்த ‘ராம்’ பலரை ரிபீட் (அதே பாடத்தை மறுபடி எழுதுவது) வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது.

“வீட்டுக்குப் போனால் ஒன்றும் நடக்காது”

வெள்ளி பின்னேரம் பேராதனைச் சந்தியில் ரயில் ஏறும்போது பையில் மூன்று புத்தகம், மனதில் நான்கு வேலை. ஞாயிறு திரும்பும்போது புத்தகம் பையை விட்டு வெளியே வந்திருக்காது. சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள அவசரப்பட வேண்டாம். தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) ஓர் அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில், பக்கத்து வீட்டு டிவிச் சத்தம் சுவர் தாண்டி வரும்போது, இரண்டாயிரம் சொல் கட்டுரை எழுதுவது யாருக்கும் கஷ்டம். வீட்டில் நடக்கக்கூடிய வேலை எது என்று பட்டியல் உங்களுக்குச் சொல்லவில்லை, கோளாறு அங்கேதான்.

ஒவ்வொரு வேலைக்கும் இடத்தை ஒட்டுங்கள்: நூலகம், விடுதி, பஸ், வீடு. டூடூயிஸ்ட்டில் லேபிள் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் டூ டூவில் சொல்லுக்கு முன் ஹேஷ் குறி போட்டால் போதும். கூகுள் டாஸ்க்ஸில் இடத்துக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பட்டியலில் துண்டு துண்டாகச் செய்யக்கூடியதும் நெட் வேண்டாததும்தான் இருக்க வேண்டும்: இறக்கிய பிடிஎஃப் வாசிப்பது, குறிப்பைப் பிரதி எழுதுவது, சூத்திரம் மனனம் செய்வது, மேலே சொன்ன பத்து வீட்டுக்குப் போவது. நீண்ட எழுத்து வேலை அதில் வேண்டாம்.

வியாழன் இரவுக்கு நிரந்தரமாக ஒரு வரி: ‘வீட்டுக்கு வேண்டிய பிடிஎஃப் எல்லாம் இறக்கு’. உங்கள் பேக்கில் நைட் டேட்டா இருந்தால் அதற்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. டிரைவில் உள்ளதை ‘ஓஃப்லைன்’ என்று குறிக்கவும் மறக்காதீர்கள். குறிக்காத ஃபைலின் பெயர் மட்டும் வீட்டில் தெரியும், உள்ளே போக விடாது.

மழைக்காலத்தில் ஞாயிறு திரும்பும் பயணத்தை நம்பித் திங்கள் காலைக்கு எதையும் வைக்காதீர்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும். பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவம் டிசம்பரில் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே ஒக்டோபர், நவம்பரில் எங்கும் இடிமழை. பாதையில் மண் சரிந்தால் பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. அந்த மாதங்களில் திங்கள் முடிவு என்றால் உங்கள் கணக்கில் அது வெள்ளி.

“நாளை என்று எழுதினேன், திகதி விழவில்லை”

ஆங்கிலத்தில் ‘டுமோரோ’ என்று டைப் செய்தால் டூடூயிஸ்ட் திகதியைப் பிடித்துக்கொள்ளும். தமிழில் எழுதினால் புரியாது. வேலையைத் தமிழில் எழுதி, திகதியைக் காலண்டர் படத்தைத் தொட்டுப் போடுங்கள்.

“வாரா வாரம் வருவது தொல்லையாகிவிட்டது”

‘ஒவ்வொரு புதனும் லேப் ரிப்போர்ட்’ என்று போட்டிருப்பீர்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் லேப் இல்லை, ஸ்டடி லீவில் லேப் இல்லை, ஆனாலும் அது வரும். நான்கு முறை பொய்யாக வந்தால் ஐந்தாவது முறை உண்மையாக வந்தாலும் கண் அதைத் தாண்டிப்போகும். திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு முடிவு நாள் ஒன்று வையுங்கள், விரிவுரை முடியும் வாரத்தோடு அது நிற்கட்டும். வருடத் தொடக்கத்தில் போயா விடுமுறைகளைக் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். பன்னிரண்டோ பதின்மூன்றோ நாள்தான்.

“குரூப் அசைன்மென்ட், கடைசியில் ஒரே ஆள் செய்கிறார்”

ஆப் இதைத் தீர்க்காது. ஆனால் யார் எதை ஏற்றார் என்பதை எல்லோர் கண்ணிலும் வைக்கும், அதுவே பாதிச் சண்டையைக் குறைக்கும். கூகுள் டாஸ்க்ஸில் சொந்தப் பட்டியலைப் பிறரோடு பகிர முடியாது, அதைத் தேடி நேரம் வீணாக்காதீர்கள். மைக்ரோசொஃப்ட் டூ டூவில் பட்டியலுக்கு லிங்க் எடுத்து அனுப்பலாம், எல்லோரும் சொந்தக் கணக்கில் இருந்தால் சிக்கல் குறைவு. ஆறு பேரில் இரண்டு பேர் எந்த ஆப்பும் போடமாட்டேன் என்றால் ஒரு கூகுள் ஷீட் போதும்: வேலை, பெயர், நாள். ‘எல்லோரும் சேர்ந்து’ என்று ஒரு வரியும் இருக்கக்கூடாது. அந்த வரியை யாரும் செய்யமாட்டார்கள்.

“ஆப் மாற்றிக்கொண்டே இருக்கிறேன்”

நிறம், ஐகன், அட்டவணை அழகு என்று புதிய ஆப்பை அமைப்பதில் போகும் ஞாயிறு, படித்த ஞாயிறு போலவே களைப்பைத் தரும். அதனால்தான் இது பழக்கமாகிறது. நடுச் செமஸ்டரில் மாறாதீர்கள். ஆப் நின்றுபோனால் மட்டும் வேறு வழி இல்லை. வுண்டர்லிஸ்ட் என்று பிரபலமான ஒன்றை மைக்ரோசொஃப்ட் 2015இல் வாங்கி 2020 மே 6 அன்று மூடியது. செமஸ்டருக்கு ஒருமுறை பட்டியலை ஒரு ஃபைலாக எடுத்துவைத்தால் இதற்கும் பயப்படத் தேவையில்லை.

“செமஸ்டர் முடிந்தது, பட்டியல் முடியவில்லை”

கடைசிப் பேப்பர் எழுதிய மறுநாள் பழைய பாடங்களின் பட்டியல்களை முழுதாக அழித்துவிடுங்கள். வாசிக்காத பிடிஎஃப்களின் பெயரையெல்லாம் அடுத்த செமஸ்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மிஞ்சுவது கொஞ்சம்தான்: நூலகப் புத்தகம் திருப்புவது, விடுதிச் சாவி கொடுப்பது, மஹபொல உதவித்தொகை வரவில்லை என்றால் விசாரிப்பது, குப்பி (சீனியர் சொல்லித்தரும் வகுப்பு) எடுத்த அண்ணாவுக்கு அவருடைய நோட்ஸைத் திருப்பிக் கொடுப்பது. ரிபீட் ஏதும் இருந்தால் அதன் பதிவுத் திகதியை மட்டும் காலண்டரில் போடுங்கள். ரிசல்ட் வரும் நாளைக்கு முன் அந்தப் பாடத்துக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம்.